சாமித்தட்டில் இருந்த ரவுட்டர்

எங்கள் வீட்டில் ரவுட்டர் பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில் இருந்தது. பக்தியால் யாரும் அங்கே வைக்கவில்லை. லைன் இழுக்க வந்த ஆள், தரையிலிருந்து உயரமாக, வீட்டின் நடுப்பகுதியில் ஒரு பிளக் வேண்டும் என்று சிங்களத்தில் கேட்டார். அப்படி இருந்த ஒரே பிளக், முன்னறையில் சாமித்தட்டின் சின்னச் சிவப்புப் பல்புக்காகப் போட்டது. அப்பா அதைக் காட்டினார். "கையக் கழுவிட்டு வரச் சொல்லுங்க" என்றார் அம்மா. அந்த ஆளும் மறுபேச்சில்லாமல் குழாயடிக்குப் போய்க் கை கழுவி வந்து, இரண்டு படங்களையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, நடுவில் அந்த வெள்ளைப் பெட்டியை நிறுத்தினார். பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்தன. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

அந்த வருடம் சரஸ்வதி பூசைக்கு மில் மெசினுக்கும் தராசுக்கும் சந்தனம் குங்குமம் வைத்த அப்பா, கையோடு ரவுட்டருக்கும் வைத்தார். வேலை செய்கிற சாமான் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பது எங்கள் வழக்கம். அதில் எனக்குச் சண்டை இல்லை. முன்பக்கம் வைத்தால் விளக்கு மறைந்துபோகும் என்று யோசித்து, பின்பக்கம், வயர் சொருகுகிற இடத்துக்குப் பக்கத்தில், கட்டைவிரலால் சந்தனத்தை அப்பினார். அதன் பிறகு வந்த ஒவ்வொரு விசேஷத்துக்கும் பழைய பொட்டின் மேலேயே புதுப்பொட்டு. அன்றிலிருந்து அது வீட்டுச் சாமான் இல்லை. அதன் தூசியைத் துடைக்கக்கூட அம்மா வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டுத்தான் போவார்.

நாங்கள் இருப்பது மாத்தளை டவுனைத் தாண்டி, அலுவிகாரைக்குப் பக்கத்தில், பெரிய ரோட்டோரம். முன்னால் அப்பாவின் மில், பின்னால் வீடு, இரண்டுக்கும் ஒரே சுவர். மிளகாய், மல்லி, மஞ்சள், அரிசி எல்லாம் அங்கே அரைபடும். எங்கள் வீட்டில் யாராவது தும்மினால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அரைக்கக் கொடுத்தவர்கள் மில் வாசலில் நீளப் பெஞ்சில் காத்திருப்பார்கள். அவர்கள் கேட்டார்கள் என்று அப்பா வைபையைத் திறந்துவிட்டார். பாஸ்வேர்ட், மில்லின் போன் நம்பர். அந்த நம்பர் மில் பலகையில், ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்த்தாலும் வாசிக்கக்கூடிய அளவில், சிவப்புப் பெயின்ட்டில் எழுதியிருந்தது.

"அப்பா, பூட்டையும் போட்டுச் சாவியையும் வாசல்ல மாட்டி வச்சிருக்கீங்க" என்றேன்.

"மில்லுக்கு வர்றவங்களுக்குக் குடிக்கத் தண்ணி குடுக்கிறோம்ல? இதுவும் அப்பிடித்தான்."

"தண்ணி குடிச்சவங்க எந்திரிச்சுப் போயிருவாங்க. இதுல குடிக்க வந்தவங்க கிணத்துக்குள்ளயே எறங்கலாம்."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அதை ஒரு வாரம் மில்லுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். படித்த மகள் வீட்டில் இருந்தால் இப்படியெல்லாம் கேட்க வேண்டியிருக்கும் என்று.

எனக்கு இருபத்திரண்டு வயது. கணிதப் பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதி, பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியைக் கொஞ்சத்தில் தவறவிட்டவள். வீட்டில் இருந்தபடியே இணையத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தேன். கடைசியில் பிடித்துப்போனது நெட்வேர்க் பாதுகாப்பு. ஒரு கட்டமைப்பில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடுவது, தேடியதை அடைப்பது. உட்கார்ந்து படிக்கிற என்னைச் சுற்றியே உலகத்தின் மிகப் பெரிய ஓட்டை இருந்தது. அதை அடைக்க மட்டும் எனக்கு அனுமதி இல்லை.

முதல் அடி டிவியில் விழுந்தது. ஒருநாள் மாலை அம்மா நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார். மருமகள் அழுகிற இடம். திடீரென்று மருமகள் மறைந்து, கடற்கரையில் பத்துப் பேர் பைலா பாடி ஆடினார்கள். அம்மா ரிமோட்டை அமுக்கினார். மருமகள் வந்தாள். மறுபடி பைலா. பெஞ்சில் காத்திருந்த யாரோ தன் போனில் பார்த்த பாட்டைக் கை தவறி எங்கள் டிவிக்கு அனுப்பிவிட்டார். ஒரே வைபையில் இருந்தால் அது நடக்கும்.

"யாருடி வீட்டுக்குள்ள வந்தது?" என்று அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலைப் பார்த்தார்.

"யாரும் வாசல் வழியா வரலம்மா. அப்பா பலகைல எழுதி வச்சிருக்காருல்ல, அது வழியா வந்தாங்க."

அம்மா மில்லுக்குப் போய் ஏதோ கத்தினார். அப்பா டிவியைச் சுவர்ப் பிளக்கிலிருந்து பிடுங்கி மறுபடி சொருகினார். பிரச்சினை தீர்ந்ததாக இருவரும் முடிவு செய்தார்கள்.

இரண்டாவது அடி பங்குனி மாதக் கடைசியில். ஒரு காலை என் மடிக்கணினியைத் திறந்தால் எங்கள் நெட்வேர்க்கின் பெயர் காணவில்லை. அதே இடத்தில் 'மிரிஸ் மோல' என்று ஒரு பெயர். சிங்களத்தில் மிளகாய் மில் என்று அர்த்தம். பாஸ்வேர்ட் அதே போன் நம்பர். யாரோ ரவுட்டரின் உள்ளறைக்கே போய்ப் பெயரை மாற்றியிருக்கிறார்கள். ரவுட்டருக்கு இரண்டு பூட்டு உண்டு. வைபையில் சேருவதற்கு ஒன்று, ரவுட்டரையே ஆட்டிப்படைக்க இன்னொன்று. இரண்டாவதை நாங்கள் மாற்றவே இல்லை, பெட்டியோடு வந்ததுதான். நான் ஓடிப்போய் அதைப் போட்டுப் பார்த்தேன். பிழை என்றது. உள்ளே போனவர் அதையும் மாற்றிவிட்டிருந்தார். எங்கள் வீட்டு ரவுட்டருக்கு அன்று முதல் பெஞ்சில் உட்கார்ந்துபோன யாரோ ஒருவர் எஜமான்.

அப்பாவிடம் சொன்னேன். "மிரிஸ் மோலயா? நல்ல பேருதானே" என்றார். "செலவில்லாம விளம்பரம்."

நான் அன்று மதியம் சாப்பிடவில்லை. கோபத்தில் சாப்பிடாமல் இருப்பது எங்கள் வீட்டில் யாரையும் அசைக்காது என்பது தெரிந்தும்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டிருந்திருப்பேன். ஆனால் அந்த வாரம்தான் எனக்குப் பரீட்சை வந்தது. கொழும்பில் ஒரு கம்பனி, வீட்டிலிருந்தே வேலை செய்கிற பயிற்சியாளர்களை எடுத்தது. வேலை, மற்றவர்களின் நெட்வேர்க்கில் ஓட்டை தேடுவது. நான் மூன்று வருடமாக ராவும் பகலும் படித்தது எதுவோ, அதுவே. முதல் சுற்றில் தேறிவிட்டேன். இரண்டாவது சுற்று வெள்ளிக்கிழமை பின்னேரம் இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை, கமெரா முன்னால். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது, வாய் திறந்து பேசக் கூடாது, இணைப்பு ஒரு நிமிடத்துக்கு மேல் அறுந்தால் பரீட்சை மூடிவிடும். மறு வாய்ப்பு கிடையாது. திங்கட்கிழமை ஒத்திகை வைத்தார்கள். நாற்பது நிமிடத்தில் மூன்று தடவை அறுந்தது. போன் டேட்டாவில் முயன்று பார்த்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மேடு அதைத் தின்றுவிடுகிறது. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் இரண்டு கோடு, உள்ளே இழுத்தால் ஒன்றுமில்லை.

அது சித்திரை வருடப்பிறப்புக்கு முந்திய வாரம் வேறு. தமிழர், சிங்களவர் என்று ஊரே பலகாரத்துக்கு மாவு இடிக்க வருகிற வாரம். ஊறவைத்து வடித்த அரிசியைத் துணியில் கட்டிக்கொண்டு வந்து வரிசையில் வைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் பெஞ்சில் இருப்பார்கள். பெஞ்சில் இடமில்லாதவர்கள் மதிலில். ஆளுக்கொரு போன். போனுக்கொரு வீடியோ.

செவ்வாய்க்கிழமை அப்பாவிடம் போய் நின்றேன்.

"வெள்ளிக்கிழம ரெண்டு மணிநேரம் மட்டும் வைபையை நிப்பாட்டணும். அதுக்கு முதல்ல ரவுட்டரை ரீசெட் பண்ணிப் பாஸ்வேர்ட மாத்தணும்."

"வருசப்பொறப்பு முடியட்டும்மா."

"வருசம் முடிஞ்சா பரீட்சையும் முடிஞ்சிரும்."

"கீழ ஒருத்தன் புது மில் தொறந்திருக்கான், தெரியுமா? இன்னைக்கு வைபை இல்லன்னா நாளைக்கு எல்லாம் அங்கிட்டுப் போயிருவாங்க. வருசத்துல ஒரு வாரம்தான் இப்பிடிக் கூட்டம்."

அப்பா சொன்னதிலும் உண்மை இருந்தது. தலைமுடி முழுக்க மாவோடு, காலை ஐந்து மணியிலிருந்து நிற்கிற மனிதர். அதற்காக நான் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. என் வாழ்க்கையில் ஒரு வெள்ளிக்கிழமைதான் அப்படி.

சரி, கேட்காமலே செய்வோம் என்று முடிவு செய்தேன். அந்த ரவுட்டரின் பின்பக்கம் ஊசி நுழைகிற அளவில் ஒரு துவாரம் இருக்கும். உள்ளே ஒரு பொத்தான். அதைப் பத்து நொடி அமுக்கிப் பிடித்தால் பெட்டி எல்லாவற்றையும் மறந்து, கடையிலிருந்து வந்த நாள் மாதிரி ஆகிவிடும். உள்ளே புகுந்த எஜமானும் வெளியே போய்விடுவார். புதன்கிழமை காலை அப்பா மில் திறந்ததும் செய்வதாகத் திட்டம். புதன்கிழமை விடியும்போது எனக்கு மாதவிடாய் வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் அந்த மூன்று நாளும் சாமித்தட்டு இருக்கிற மூலைக்குப் போகக் கூடாது. நான்காம் நாள் தலைக்குக் குளித்த பிறகுதான். சின்ன வயதில் அதை ஒரு விளையாட்டின் விதி மாதிரி எடுத்துக்கொண்டேன். பிறகு சண்டை போட்டேன். பிறகு, அம்மாவின் முகத்தைப் பார்த்து, மாதத்தில் மூன்று நாள்தானே என்று விட்டுவிட்டேன். விட்டது தப்பு என்று அந்தப் புதன்கிழமை தெரிந்தது. நான்காம் நாள் சனிக்கிழமை.

அம்மாவிடம் கெஞ்சினேன். "நீங்களே அமுக்கிருங்கம்மா. நான் கிட்டக்கூட வரல."

வியாழக்கிழமை மத்தியானம் அம்மா குளித்து, ஈரத்தலையோடு, சேலையில் குத்துகிற ஊக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு பிளாஸ்டிக் கதிரை மேல் ஏறினார். நான் குசினி வாசலில் நின்று வழி சொன்னேன்.

"பின்பக்கம் திருப்புங்க. வயருக்கு இடது பக்கம் சின்னதா ஒரு ஓட்டை."

"எங்கடி ஓட்டை? ஒண்ணத்தையும் காணோம். பொட்டுதான் இருக்கு."

"பொட்டுக்கு அடியில இருக்கும். சுரண்டுங்க."

"பொட்டச் சுரண்டவா? வாயக் கழுவு."

"கொஞ்சமா."

அம்மா ஊக்கின் நுனியால் பட்டும் படாமலும் தொட்டார். குங்குமம் கொஞ்சம் உதிர்ந்தது. "ஷொக் அடிக்குமாடி?" "அடிக்காது." இன்னும் ஒரு தடவை குத்தினார். விளக்கு ஒன்று, தன்பாட்டில், மினுங்கியது. அம்மா கையை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

"அமுக்கிட்டேன். ஒண்ணும் நடக்கல. சாமிக்கே விருப்பமில்ல, விடு."

"நீங்க அமுக்கல. சந்தனத்தத்தான் குத்தினீங்க. உள்ள கல்லாப் போயிருக்கு."

"அப்ப அப்பா வரட்டும்."

"அப்பா வருசம் முடியட்டும்னு சொல்லிட்டாரு. நாளைக்கு இந்நேரம் என் பரீட்சை."

அம்மா ஊக்கைச் சேலையில் திரும்பக் குத்திக்கொண்டார். அந்த ஊக்கு மூடிய சத்தத்தில் எனக்கு எல்லாம் முடிவானது. அறைக்குப் போய்த் தையல் ஊசி ஒன்றையும் நேராக்கிய கொண்டை ஊசி ஒன்றையும் எடுத்துக்கொண்டு வந்தேன். குசினி வாசலைத் தாண்டினேன். முன்னறையின் நடுவையும் தாண்டினேன்.

"ஏய். எங்க போற?"

நான் கதிரையில் ஏறினேன்.

"வீட்டுக்குத் தூரமா இருக்கிறவ! எறங்குடி! எறங்குன்னு சொல்றேன்ல!"

அம்மா என் பாவாடையைப் பிடிக்க வந்து, தொட்டால் தானும் திரும்பக் குளிக்க வேண்டும் என்று ஒரு முழத் தூரத்தில் நின்றுவிட்டார். அந்த ஒரு முழம்தான் எனக்குக் கிடைத்த இடம். ரவுட்டரைத் திருப்பினேன். பின்பக்கம் சந்தனமும் குங்குமமும் அடுக்கடுக்காக, கறையான் புற்று மாதிரி. ஊசியால் தோண்ட ஆரம்பித்தேன்.

"சாமி கண்ணக் குத்தும்."

"குத்தட்டும். நாளைக்கு நாலு மணிக்குப் பெறகு குத்தட்டும்."

"என்ன பேச்சுடி இது? நான் ஒனக்காகத்தான் தினமும் இங்க வெளக்கேத்துறேன்."

"தெரியும்மா. ஆனா இந்த ஓட்டைய அடச்சது நானில்ல. குளிச்சுச் சுத்தமா வந்தவங்கதான் அடச்சது. தூரமா இருக்கிறவதான் இப்பத் தொறக்கிறா."

அதைச் சொல்ல வேண்டும் என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்தது. வந்ததற்காக இன்றுவரை வருத்தப்படவும் இல்லை. சந்தனம் தூளாகி முருகன் படத்தின் கண்ணாடியில் விழுந்தது. துவாரம் தெரிந்தது. கொண்டை ஊசியை உள்ளே விட்டேன். 'டிக்' என்று விரலுக்கு மட்டும் கேட்கிற ஒரு சத்தம். சத்தமாக எண்ணினேன், அம்மாவுக்கும் கேட்கும்படி. ஒன்று, இரண்டு, மூன்று. பத்தில் எல்லா விளக்கும் ஒரேயடியாக அணைந்தன.

பிறகு ஒன்று எரிந்தது. இரண்டு. மூன்று. லைனுக்கான விளக்கு மட்டும் சிவப்பாக நின்றது.

இது எனக்குத் தெரிந்த ஆபத்துதான். சில பெட்டிகளில் ரீசெட் செய்தால் லைன் கம்பனி போட்டுவைத்த விபரமும் அழிந்துவிடும். அழிந்தால் ஆள் வந்துதான் போட வேண்டும். வருடப்பிறப்பு வாரத்தில் எந்த ஆளும் வரமாட்டான். எங்கள் பெட்டியில் அழியாது, தானாக வந்துவிடும் என்று வாசித்திருந்தேன். முன்பே அவர்களின் உதவி இலக்கத்துக்கு எடுத்துக் கேட்டபோது பேசிய பெண்ணும், "சாதாரணமா வந்துரும்" என்றாள். அந்தச் 'சாதாரணமா'வை நம்பி நான் கதிரையிலிருந்து இறங்கவில்லை. அம்மாவும் நகரவில்லை. இருவரும் ஒரு சிவப்புப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மாவின் உதடு அசைந்தது. என்ன வேண்டிக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை. லைன் வர வேண்டுமென்றா, வரக் கூடாதென்றா என்று இப்போதும் எனக்கு நிச்சயமில்லை.

மில்லிலிருந்து குரல்கள் எழுந்தன. முதலில் ஒரு திரீவீல் சாரதி, வாசலில் எட்டிப் பார்த்து, "நங்கி, வைபை எக்கட்ட மொகத வுனே?" என்று சிங்களத்தில் கேட்டார், வைபைக்கு என்ன ஆனதென்று. அவர் பின்னால், பக்கத்துக் கிராமத்திலிருந்து மல்லி அரைக்க வருகிற ஒரு முஸ்லிம் அம்மா. "மகள், இந்த வைபை புடிக்கிதில்லயே, என்ன சங்கதி? எங்கட மகனோட வீடியோ கோல்ல பேசிக்கிட்டிருந்தேன், அப்பிடியே நிண்டுட்டான்." நான் கதிரை மேலிருந்தபடியே, "இனி நாளைக்குப் பின்னேரம்தான்" என்றேன். அவர் என்னையும் சாமித்தட்டையும் அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரி சரி, நான் மல்லியப் பாக்குறேன்" என்று போய்விட்டார்.

ஏழெட்டு நிமிடம் ஆகியிருக்கும். சிவப்பு அணைந்தது. பச்சை வந்தது.

நான் கத்தினேன் என்று நினைக்கிறேன். அம்மா கத்தவில்லை. மெதுவாகச் சொன்னார்: "எறக்கு அத."

"என்னம்மா?"

"நீ தொட்டது இனி அங்க இருக்க வேணாம். எறக்கி எங்கயாவது வை. நான் தட்டக் கழுவணும்."

அம்மா அதைத் தண்டனையாகத்தான் சொன்னார். எனக்கு அது பரிசு மாதிரி இருந்தது. லைன் வயர் என் அறை வாசலுக்கு மேலே இருக்கிற பலகைவரை எட்டியது. கரண்டுக்கு என் அறைப் பிளக்கிலிருந்து நீட்டு வயர் ஒன்றை இழுத்து அங்கே வைத்தேன். ஒட்டியிருந்த சந்தனம் அத்தனையையும் ஈரத்துணியால் துடைத்தேன். துடைத்தபோது அது வெறும் பிளாஸ்டிக் பெட்டிதான். அம்மா மஞ்சள் தண்ணீர் கரைத்துச் சாமித்தட்டைக் கழுவினார், படங்களைத் துடைத்தார், திரும்பவும் குளித்தார். பிள்ளையாரும் முருகனும் பழையபடி பக்கத்தில் பக்கத்தில் வந்தார்கள்.

நான் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் உள்ளறைப் பூட்டு. பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை எடுத்தெறிந்து என்னுடையதைப் போட்டேன். பிறகு வைபைக்கு. எட்டு எழுத்து, பத்து நம்பர் எல்லாம் இல்லை. ஒன்றோடொன்று எந்த உறவும் இல்லாத நாலைந்து சொல், நடுவில் சில குறிகள். எந்தச் சாமியின் பெயரும் இல்லை, எந்த வாகன இலக்கமும் இல்லை, யாருடைய பிறந்தநாளும் இல்லை. அதை இங்கேயும் எழுதமாட்டேன். பொத்தானை அமுக்கினால் பாஸ்வேர்ட் இல்லாமலே சேர்த்துக்கொள்கிற வசதி ஒன்று திறந்திருந்தது, அடைத்தேன். வெளியிலிருந்தபடியே ரவுட்டருக்குள் நுழைகிற வழி ஒன்று இருந்தது, அதையும் அடைத்தேன். குறியாக்கம் பழைய முறையில் இருந்தது, புதியதற்கு மாற்றினேன். கடைசியில் மில்லுக்கென்று தனியாக ஒரு வைபை உண்டாக்கினேன். அதில் சேருபவர்கள் இணையத்துக்குப் போகலாம், எங்கள் டிவிக்கோ என் கணினிக்கோ வர முடியாது. வெள்ளி நான்கு மணிவரை அதுவும் மூடிக் கிடக்கும்.

முடித்துவிட்டு, யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்ற பட்டியலைப் பார்த்தேன். ஒரே ஒரு பெயர். என் கணினி. அந்தப் பட்டியலை நான் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

அப்பா மில் மூடிவிட்டு வந்து நிறையக் கத்தினார். அம்மா நடந்ததைச் சொன்னதும் இன்னும் கத்தினார். அப்பாவுக்குச் சாமித்தட்டு இரண்டாவது. பெஞ்சுதான் முதலாவது. நான் சோற்றுக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கு நாலு மணி" என்று மட்டும் சொன்னேன். அவர் எதைக் கேட்டாலும் அதையே சொன்னேன்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணி. கதவைச் சாத்தினேன். கமெரா என் முகத்தையும் அறையையும் சுற்றிப் பார்த்தது. கேள்விகள் வந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் மெசின் ஓடி என் மேசையில் பென்சில் நடுங்கியது. ஒரு போலி நெட்வேர்க்கைக் கொடுத்து, எத்தனை வழியால் உள்ளே போகலாம் என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். பழைய பாஸ்வேர்ட், திறந்து கிடந்த வழி, மாற்றாத உள்ளறைப் பூட்டு. எல்லாம் எங்கள் வீட்டுக்காரர்கள் மாதிரி நன்றாகத் தெரிந்த முகங்கள்.

இரண்டரை இருக்கும். என் முதுகுப் பக்கம் கதவு திறந்தது.

"ஏம்மா, அந்தப் பாஸ்வேர்ட மட்டும் சொல்லிரு. ஆளுங்க எந்திரிக்கிறாங்க…"

பேசினால் பரீட்சை போய்விடும். திரும்பினாலும் கமெராவில் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் எழுதிவைப்பார்கள். அப்பா இன்னும் ஓர் அடி உள்ளே வைத்தால் கமெராவில் விழுவார். நான் கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், இடது கையை மேசைக்குக் கீழே பின்பக்கம் நீட்டி, உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். ரோட்டில் பொலிஸ்காரர் லொறியை மறிக்கிற மாதிரி. என் அப்பாவுக்கு முன்னால் நான் அப்படி ஒரு கையை அதற்கு முன் நீட்டியதில்லை. வலது கையால் தட்டச்சு செய்துகொண்டே இருந்தேன். அவர் மூச்சு விடுவது கேட்டது. மாவும் மிளகாயும் கலந்த வாசம் வந்தது. தும்மல் வந்துவிடுமோ என்று பயந்தேன்.

கதவு சாத்தப்பட்டது.

திரும்பிப் போன அப்பா பெஞ்சில் இருந்தவர்களிடம், "லைன் எக கெடிலா" என்றாராம். லைன் அறுந்துவிட்டது என்று. மகள் மாட்டேன் என்றுவிட்டாள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இரண்டு பேர் ஈர அரிசியைத் தூக்கிக்கொண்டு கீழே இருக்கிற மில்லுக்குப் போனார்கள். மற்றவர்கள் இருந்தார்கள். அந்த இரண்டு பேரைப் பற்றி அப்பா எனக்கு வருடப்பிறப்பு முழுக்கச் சொன்னார்.

லைன் ஒரு தடவைகூட அறுந்துபோகவில்லை. நான்கு மணிக்குத் திரை தானாக மூடியது. நான் வெளியே வந்து, மில் வைபையைத் திறந்துவிட்டு, அதன் பாஸ்வேர்டை ஒரு அட்டையில் எழுதி அப்பாவிடம் கொடுத்தேன்.

"இது மில்லுக்கு. மாசா மாசம் மாத்துவேன். பலகைல பெயின்ட் அடிக்காதீங்க, சோக்குல எழுதுங்க."

"வீட்டுது?"

"உங்க போன்லயும் அம்மா போன்லயும் நானே போட்டுத் தர்றேன். வாயால சொல்லமாட்டேன்."

"எனக்கே சொல்லமாட்டியா?"

"உங்களுக்குத்தான் முக்கியமா சொல்லக் கூடாது. நீங்க தண்ணி குடுக்கிற ஆளு."

அப்பா அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, போனை நீட்டினார்.

அம்மாவோடு அப்படிச் சுலபமாக முடியவில்லை. இரண்டு நாள் பேசவில்லை. பிறகு பேசினார், ஆனால் அந்தத் தட்டைப் பற்றி இல்லை. இன்றும் ஒவ்வொரு மாதமும் அந்த மூலையை வைத்து எங்களுக்குள் வாக்குவாதம் நடக்கிறது. சில மாதம் நான் போகிறேன், சில மாதம் சத்தம் போட்டுவிட்டு நிற்கிறேன். அதில் நான் ஜெயித்துவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். ரவுட்டர் விஷயத்தில் ஜெயித்தேன். எந்த நாளில் வேண்டுமானாலும் அதைத் தொடுகிறேன்.

வருடம் பிறந்து ஒரு வாரத்துக்குள் மின்னஞ்சல் வந்தது. எடுத்துக்கொண்டார்கள். எடுக்காவிட்டாலும் இதை இப்படியேதான் எழுதியிருப்பேன். அந்தத் துவாரம் அடைபட்டிருந்தது, நான் திறந்தேன். அது பரீட்சை முடிவைப் பார்த்து மாறுகிற உண்மை இல்லை.

சேருவதற்கு ஒரு படிவம் அனுப்பினார்கள். வீட்டிலிருந்து வேலை செய்வதால் வீட்டு நெட்வேர்க்கைப் பற்றி ஒரு பக்கம் கேள்விகள். அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தார். இந்தத் தடவை அதற்கு அனுமதி இருந்தது. 'ரவுட்டரின் நிர்வாகப் பாஸ்வேர்ட் யார் யாரிடம் இருக்கிறது?' என்று ஒரு கேள்வி. நான் 'என்னிடம் மட்டும்' என்று தட்டினேன்.

"லைன் என் பேர்லதானே இருக்கு?" என்றார் அப்பா. "என் பேரையும் போடு."

"லைன் யார் பேர்லன்னு அடுத்த கேள்வில கேக்குறாங்க. அங்க போடுறேன்."

"அப்ப இதுல?"

"இதுல போடமாட்டேன்" என்றேன். போடவில்லை. அனுப்பினேன்.